ஒழுகும் கூரைக்குப் பெயர் "கவனயீனம்" அல்ல!

லயத்தில் ஒருவரை மின்சாரம் தாக்கினால், தோட்ட அலுவலகம் முதலில் சொல்லும் வார்த்தை "தொழிலாளியின் கவனயீனம்" என்பதுதான். இதை நாம் ஏற்கமாட்டோம்.

மலைநாட்டு மழை தகரக் கூரையின் ஓட்டையால் இறங்கிச் சுவரில் ஊறுகிறது. உறை வெடித்த பழைய வயர் அதே சுவரில்தான் ஓடுகிறது. ஈரம் பட்டால் சுவரே மின்சாரத்தைக் கடத்தும். அந்தக் கூரையை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. லயம் நமது பெயரில் இல்லை. 1992இல் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பேற்ற கம்பனிகள் தேயிலையை மட்டும் பொறுப்பேற்கவில்லை. லயங்களும் அவர்கள் கைக்கே போயின. காம்பராவைத் திருத்துவதற்குத் துரையின் அனுமதி வேண்டும்; உயிர் போனால் மட்டும் பொறுப்பு நமக்கா?

ட்ரிப் சுவிட்ச் ஆடம்பரப் பொருள் அல்ல. 30 மில்லி அம்பியர், அதாவது ஒரு சிறிய 7 வொட் பல்பு எரியும் அளவு மின்சாரம் உடம்பில் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. அந்தளவு கசிந்தால் நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் வீடுகளுக்கான ட்ரிப் சுவிட்சின் வேலை.

ஆகவே நாம் கேட்பது இவை: ஒவ்வொரு காம்பராவுக்கும் தனி ட்ரிப் சுவிட்சும் ஏர்த் வயரும் வேண்டும். தகுதியுள்ள மின்னியலாளர் எல்லா லயங்களையும் பரிசோதிக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் கூரைகள் திருத்தப்பட வேண்டும். செலவை நிர்வாகமே ஏற்க வேண்டும்.

அதுவரை நமது உயிரை நாமே காப்போம். மழையில் ட்ரிப் அடிக்கடி விழுந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். அதைத் தவிர்த்து நேரடியாக வயர் கொடுப்பது சாவுக்குக் கதவு திறப்பது. மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் அது பழுது. பியூசுக்குப் பதில் தடித்த கம்பி போடாதீர்கள். பன்றிக்குப் பயந்து மரக்கறித் தோட்ட வேலிக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். அதில் சாவது பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அறுந்த மின்கம்பிக்குக் கிட்டப் போகாமல், மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு உடனே அறிவியுங்கள். வீட்டில் யாரையாவது மின்சாரம் பிடித்தால் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

ஒழுகும் கூரை, வெடித்த வயர், சுடும் சுவிட்ச் அனைத்தையும் காம்பரா இலக்கத்துடன் எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். எழுத்தில் உள்ள முறைப்பாட்டை "கவனயீனம்" என்று யாராலும் மூடிவிட முடியாது.