கடலூரில் வேலை, சிதம்பரத்தில் வீடு... குழந்தையை எங்கே விடுவது?

சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர். தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது ஒரு தூரமே இல்லை. வீட்டில் ஒன்றரை வயதில் குழந்தை இருந்தால் மட்டும் கணக்கு மாறிவிடும்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார் இந்தத் தாய். பெயர் வேண்டாமே என்கிறார். கணவருக்கு நெய்வேலியில் ஷிப்ட் வேலை. 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்ததும் மாமியார் பேத்தியைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு முட்டி ஆபரேஷன் என்று ஆனபோதுதான் 'வேலையை விட்டுடலாமா?' என்ற பேச்சு வீட்டில் வந்தது. சம்பளம் 14,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை அதிலிருந்துதான் போகிறது.

2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. ஒரு நாளில் நான்கு முறை தாய் போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். இவருடைய அலுவலகத்தில் வேலை செய்பவர்களோ 15 பேர். கடலூர், சிதம்பரம் மாதிரி ஊர்களில் ஜவுளிக்கடை, ஆடிட்டர் ஆபீஸ், லேப் என்று பெண்கள் வேலை பார்க்கும் இடங்களில் பல இந்த அளவுக்கு உட்பட்டவைதான். அங்கன்வாடியில் 6 மாதம் முதல் சத்துமாவு கிடைக்கும். ஆனால், பகல் முழுக்க உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வது இரண்டு வயது முடிந்த பிள்ளைகளை. அதுவும் சாயங்காலம் ஆறரை மணி வரைக்கும் இல்லை.

மிச்சம் இருப்பது வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள். இவர்களுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பால்காரர், ஸ்கூல் ஆட்டோக்காரர், மருந்துக்கடைக்காரர் என யாராவது ஒருவர் வழி சொன்னால்தான் தெரியும்.

முதலில் அவர் தேர்ந்தெடுத்தது அலுவலகத்துக்குப் பக்கத்தில், கடலூரிலேயே ஒரு வீடு. மதியம் போய் ஊட்டிவிட்டு வரலாம், அவசரம் என்றால் ஐந்து நிமிடத்தில் ஓடிவிடலாம் என்ற நியாயம். காலை ஏழு மணிக்குத் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். பி.முட்லூர் தாண்டுவதற்குள் ஒரு வாந்தி. திரும்பும்போது நிற்கவே இடமில்லாத கூட்டம். மூன்று வாரத்தில் குழந்தைக்கு இரண்டு தடவை காய்ச்சல்.

அந்த வீட்டில் எட்டுப் பிள்ளைகள், ஒரே ஒரு அம்மா. டி.வி. ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அம்மாவின் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலைத்தலக் காப்பகங்களுக்கு 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கூட 3 வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்றுதான் சொல்கிறது. ஆனால் அங்கே கூட ஓர் உதவியாளரும் உண்டு. இந்த வீட்டில் சோறு வடிக்க ஒருவர் எழுந்து போனால், எட்டுப் பிள்ளைகளும் தனியாகத்தான் இருக்கும்.

அடுத்தது சிதம்பரத்தில், இரண்டு தெரு தள்ளி, ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. நான்கு பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. பஸ் பயணம் மிச்சம். ஆனால் ஏதாவது ஒன்று என்றால் அம்மா வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துத்தான் எல்லா ஏற்பாடும் செய்தார்.

சேர்ப்பதற்கு முன் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கிணற்றுக்கு மூடி இருந்தது. வாசல் கேட்டுக்குக் கொக்கி இல்லை, போடச் சொன்னார். பாத்ரூம் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தலைகுப்புற விழுந்தால் எழத் தெரியாத வயதில் அரை பக்கெட் தண்ணீரே ஆபத்து. போன் பண்ணிக் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது. எந்த டாக்டர், யார் வந்தால் குழந்தையைக் கொடுக்கலாம் என்பதெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொடுத்தார். சாப்பிட்டது, தூங்கியது, வெளிக்குப் போனது எல்லாம் தினமும் அதே நோட்டில் அக்கா எழுதிவைப்பார்.

எழுதாமல் விட்டது பணத்தைத்தான். மாதம் 4,000 என்று பேசியதோடு சரி. ஒரு நாள் பஸ் பழுதாகி எட்டு மணிக்கு வந்தார். பிறகு அது வாரத்தில் இரண்டு நாள் ஆனது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் எழுதுவது மட்டும் குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசியபோதுதான், ராத்திரி தைக்க ஒப்புக்கொண்ட துணியெல்லாம் நின்றுபோனது தெரிந்தது. 'சொந்தக்காரி மாதிரி' என்று சொல்லிக்கொண்டே கூலியைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. இப்போது ஆறரைக்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் தனிப் பணம். அக்காவுக்கு மாதம் இரண்டு நாள் லீவு, சம்பளப் பிடித்தம் இல்லை.

குழந்தை அவரை 'ஆயா' என்கிறது. இந்தப் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. அங்கன்வாடியில் வேலை செய்பவரும் ஆயாதான். மாமியாருக்கு முதலில் அது கொஞ்சம் வலித்தது. இப்போது அவர் பெரிய ஆயா.

மழைக்காலத்தில்தான் இந்த ஏற்பாட்டின் அருமை தெரிந்தது. கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பார். தனியார் அலுவலகத்துக்கு அது பொருந்தாது. அந்த நாட்களிலும் அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது.

ஆனால், ஒரே ஆளை நம்பிய ஏற்பாடு இது. ஐப்பசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்தபோது, நான்கு அம்மாக்களும் ஆளுக்கொரு நாள் லீவு போட்டு நான்கு பிள்ளைகளையும் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் நெய்வேலிக்காரர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். நான்கு பிள்ளைகளுக்கும் சோறு ஊட்டி முடிக்க அவருக்கு மணி மூன்றாகிவிட்டதாம்.

வருகிற மாசியில் அக்காவின் மகளுக்குத் தலைப்பிரசவம். வழக்கம்போல் தாய்வீட்டில்தான். மூன்று மாதம் வேறு பிள்ளைகளைப் பார்க்க முடியாது என்று இப்போதே சொல்லிவிட்டார். நான்கு அம்மாக்களும் பால்காரரிடம் மறுபடி விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.