இலை உதிர்ப்பது ஒரு குற்றமா?

வீட்டைச் சுற்றி மரம் வேண்டும் என்று எல்லோரும்தான் சொல்கிறோம். ஆனால் அது இலை கொட்டக் கூடாது, புழு வரக் கூடாது, வாசலில் குப்பை விழக் கூடாது. அப்படி ஒரு மரம் பிளாஸ்டிக்கில்தான் கிடைக்கும்.

எங்கள் வீட்டுச் சரக்கொன்றைக்கு 14 வயது. பங்குனியில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும். உடனே தெருவில் பேச்சு கிளம்பும். "சார், பட்டுப்போச்சு போலிருக்கே, வெட்டிடுங்களேன்!" பட்டுப்போகவில்லை ஐயா. மழையில்லாத மாதங்களில் இலை வழியாகத் தண்ணீர் வீணாகாமல் மரம் பார்த்துக்கொள்ளும் சிக்கனம் அது. பென்ஷனில் குடித்தனம் நடத்தும் நமக்கு இது புரியாதா என்ன? சித்திரையில் முழ நீளத்துக்குப் பூச்சரம் தொங்கும். மறைக்க இலை அதிகம் இல்லாததால்தான் அந்தப் பொன்னிறம் தெருமுனை வரை தெரிகிறது.

புழுவும் வரும். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் இதன் தளிரில் முட்டையிடும். புழு தின்றது போக மரம் மறுபடி துளிர்த்துக்கொள்ளும். மருந்து அடிக்காதீர்கள்.

போன மாதம் எங்கள் அடுத்த தெருவில், கார் மேல் இலை விழுகிறது என்று ஒரு கொன்றையை வெட்டினார்கள். பல வருடம் வளர்ந்தது ஒரு காலையில் முடிந்தது. இப்போது காருக்கு நிழல் வேண்டுமென்று தகரக் கொட்டகை போடுகிறார்கள்.

கேரளத்தின் மாநில மலர் இது. இந்தப் பூ இல்லாமல் அங்கே விஷுக்கனி இல்லை. தாய்லாந்துக்குத் தேசிய மலர். நமக்கோ சிவன் சூடும் பூ. இருந்தும் நம் தெருக்களில் அதிகம் நட்டது மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகரை. அழகுதான், ஆனால் வேர் ஆழம் போகாது, கிளை சுலபமாக முறியும். 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது சென்னையில் அவை சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இடமுள்ளவர்கள் ஒரு கொன்றை வையுங்கள். விதை ஓடு கெட்டியானது. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், சுவரிலிருந்து பத்தடி தூரம், மேலே மின்கம்பி கூடாது. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் விட்டால் போதும். அடிமரம் வரை சிமெண்ட் பூசாதீர்கள். பூக்கச் சில வருடம் ஆகும். நமக்கு இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கு.

உதிர்ந்த இலையைக் கொளுத்த வேண்டாம். வேரடியிலேயே குவித்து வையுங்கள். அதன் உரம் அதற்கே.