விடுதியின் முதல் விதி

மாசி மாதம் பிறந்ததும் நம் தோட்டத்து லயங்களில் அடுத்த ஆண்டுப் படிப்பைப் பற்றிய பேச்சும் பிறந்துவிடுகிறது. பிள்ளையை உடன் வைத்துக்கொண்டு உள்ளூரிலேயே படிக்கவைப்பதா, விடுதியில் சேர்ப்பதா என்னும் கவலை பெற்றோரின் உறக்கத்தைக் கெடுக்கும் காலம் இது.

சென்ற வாரம் பீர்மேட்டுப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்யும் அன்பர் ஒருவர் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். கையில் ஒரு விடுதியின் விதித்தாள். "அண்ணாச்சி, எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. ஆனாலும் நீங்கள் ஒருமுறை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள், அதன்பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்" என்றார்.

வாசித்தோம். மொத்தம் இருபத்தேழு விதிகள். காலை ஐந்தரைக்கு எழவேண்டும். கைப்பேசி கூடாது. பெற்றோர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வந்து பார்க்கலாம். தட்டிலும் தம்ளரிலும் பெயர் பொறித்திருக்க வேண்டும். முறுக்கு, அதிரசம் முதலிய தின்பண்டங்களைப் பெட்டியில் வைத்து அனுப்பலாகாது. (இந்த ஒரு விதியை எந்தத் தமிழ்த் தாயும் கைக்கொண்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.) எல்லாம் ஒழுங்கானவையே. ஆனால், பிள்ளைகள் எவ்வாறு அமர்ந்து உண்பார்கள், பரிமாறும் வரிசை யாது, கழிப்பறை கழுவும் முறை யார் யாருக்கு வரும் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதை நாம் தேடியதற்குக் காரணம் உண்டு. சிறு வயதில் நாமும் ஒரு விடுதியில் மூன்று ஆண்டுகள் இருந்தோம். அங்கும் விதிகள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. ஒட்டப்படாத விதியொன்றும் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் கடைசி வரிசையில் அமர்வோம். குழம்பு எங்களிடம் வரும்போது வாளியின் அடி தெரியும். தண்ணீர்ப் பானையிலிருந்து நாங்களாக மொண்டு குடிக்கக் கூடாது. வேறொரு பையன் மொண்டு ஊற்றுவான். யாரும் எங்களை அடித்ததில்லை, வைததுமில்லை. அதனாலேயே வீட்டில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணி மூன்று ஆண்டுகளும் வாய் திறவாமல் இருந்துவிட்டோம்.

பந்தியின் கதை நம் எல்லைப்புறத்திற்குப் புதிதன்று. பாலக்காட்டில் ஒலவக்கோட்டுக்கு அருகே அகத்தேத்தறையில் சபரி ஆசிரமம் இருக்கிறது. அதை 1923-இல் நிறுவிய டி. ஆர். கிருஷ்ணசாமி ஐயர், பாலக்காட்டுத் தமிழ் அந்தணர் மரபினர். அவ்வாண்டு மே மாதத்தில் சரோஜினி நாயுடு அம்மையாரின் தலைமையில் பாலக்காட்டில் அரசியல் மாநாடு கூடியபோது, எல்லா ஜாதியினரும் ஒன்றாய் அமர்ந்துண்ட சமபந்தி போஜனமும் நடைபெற்றது. அதில் முன்னின்ற ஐயரை அவருடைய சமூகத்தார் விலக்கி வைத்தனர். அவருடைய மனைவியார் ஈசுவரி அம்மாள் கணவரோடு உறுதியாய் நின்றார். கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் ஈழவ மக்கள் நடந்து செல்வதைப் பொறாமல் 1924-இல் தேர்த்திருவிழாச் சமயத்தில் கலவரம் மூண்ட ஊர் அது என்பதை நினைத்துப் பார்த்தால், அத்தம்பதியரின் துணிவு எத்தகையது என்பது புலப்படும்.

தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளும் பிற ஜாதிக் குழந்தைகளும் ஒரே கூரையின்கீழ்த் தங்கி, ஒரே அடுப்பில் வெந்த சோற்றை உண்டு வளரவேண்டும் என்பதே அந்த ஆசிரமத்தின் நோக்கம். பெயரையும் எவ்வளவு பொருத்தமாகச் சூட்டினார்கள்! வேட்டுவக் குலத்துச் சபரி தந்த கனியை இராமபிரான் உவந்து உண்ட கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். காந்தியடிகள் 1925, 1927, 1934 ஆகிய மூன்று ஆண்டுகளில் அங்கு வந்தார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது பாலக்காட்டிலிருந்து பையனூருக்குத் தொண்டர் படையை நடத்திச் சென்றவரும் இதே கிருஷ்ணசாமி ஐயர்தான். 1935-இல் அவர் காலமானார்.

அதே காலத்தில், நம்மவர் பலருடைய பூர்விகமாகிய திருநெல்வேலிச் சீமையில், சேரன்மாதேவியில், இன்னோர் ஐயர் ஒரு குருகுலம் நடத்திக்கொண்டிருந்தார். வ. வே. சு. ஐயரை அறியாத தமிழர் இலர். லண்டனிலும் புதுச்சேரியிலும் விடுதலைக்காகப் பாடுபட்டவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். 1922-இல் தொடங்கிய அவருடைய குருகுலத்தில் தமிழோடு உடற்பயிற்சியும் உழவும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டன. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, முதலில் ஐயாயிரம் கொடுத்திருந்தது. அங்கே இரண்டு அந்தணச் சிறுவர்களுக்கு மட்டும், அவர்களுடைய பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கித் தனியே உணவிட்டனர். ஐயர் தம்மளவில் பேதம் பாராதவர். ஆயினும் அவ்விருவருக்காகக் கொடுத்த வாக்கை விட்டுக்கொடுக்க மறுத்தார். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் கண்டித்தனர். இப்போதிருக்கும் இருவரும் அவ்வாறே உண்ணட்டும், இனிச் சேர்பவர் எல்லோரும் ஒன்றாகவே உண்ணவேண்டும் என்னும் காந்தியடிகளின் சமரசமும் எடுபடவில்லை. 1925-இல் ஐயர் பொறுப்பினின்றும் விலகினார். ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவியில் தவறி வீழ்ந்த தம் மகளைக் காக்கப் போய் உயிர்நீத்தார். அவ்வாண்டின் இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டில் நாயக்கர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். பின்னர் தமிழ்நாட்டு அரசியல் சென்ற வழியை யாவரும் அறிவர்.

இரண்டு இலைகள் தனியே போடப்பட்டதன் விளைவு இவ்வளவு. அக்குருகுலத்தின் மற்ற ஒழுங்குகள் எவ்வளவு சிறந்தவையாயினும், இன்று அவற்றை நினைவுகூர்பவர் எத்தனை பேர்?

இத்தனையும் கேட்ட அன்பர், "இக்காலத்தில் அப்படியெல்லாம் நடக்குமா?" என்று வினவினார். அப்பட்டமாக நடப்பது அரிதாகவே இருக்கலாம். ஆனால் கட்டணம் முழுதும் கட்டியவன், சலுகையில் சேர்ந்தவன், மலையாளம் பேசுபவன், "பாண்டிக்காரப் பையன்" என்றெல்லாம் வரிசை பிரிக்க ஜாதியின் துணை தேவையில்லை. ஆகையால் அவரிடம் சிலவற்றைச் சொன்னோம். அலுவலக அறையில் அமர்ந்து பேசிவிட்டுத் திரும்பவேண்டாம். சாப்பாட்டு மணி அடிக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். வார்டனும் அதே சோற்றை உண்கிறாரா என்று பாருங்கள். கழிப்பறை முறைப்பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சில பெயர்களே மீண்டும் மீண்டும் வருமாயின் காரணம் கேளுங்கள். பள்ளிகளில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஆபத்துக் காலத்தில் குழந்தைகள் அழைக்கவேண்டிய 1098 என்னும் எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்வியுங்கள்.

வசதி குறைந்தோர் மலம்புழையிலும் குளமாவிலும் உள்ள நவோதயா பள்ளிகளையும் கருதலாம். தமிழ்நாட்டில் இல்லாத இப்பள்ளிகள் நம் இரு மாவட்டங்களிலும் இருக்கின்றன. ஆறாம் வகுப்பில் தேர்வெழுதிச் சேரவேண்டும். உணவும் உறைவிடமும் இலவசம்.

மாதம் ஒருமுறை பிள்ளையைக் காணும் ஞாயிறன்று, "நன்றாகப் படிக்கிறாயா?" என்று கேட்குமுன், "உன் பக்கத்தில் அமர்ந்து சாப்பிடுபவன் யார்?" என்று கேளுங்கள் என்றும் சொல்லியனுப்பினோம். நம் தந்தையார் அதைக் கேட்டிருந்தால் நாம் சொல்லியிருப்போம்.

அன்பர் கையெழுத்திடாத தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வரும் சனிக்கிழமை நண்பகலில் அந்த விடுதிக்குப் போவதாகவும், மகனையும் உடன் அழைத்துச் செல்வதாகவும் கூறிச் சென்றிருக்கிறார்.