இரண்டு பற்றரி இருந்தும் ஸ்டார்ட் எடுக்காத கப்

 

கொஞ்சம் நீளமான பதிவு. கப், பஜிரோ, லான்ட் குரூசர் வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கோ. அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறவர்களும் வாசியுங்கோ. இரவில் ஒரு அவசரம் என்றால் நீங்களும் அந்த வாகனத்தைத்தான் தேடி ஓடுவீர்கள்.

போன மாரியில் ஒரு இரவு மாமிக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. மச்சானின் டபிள் கப் வாசலிலேயே நின்றது. கப் நிற்கிறதே என்ற தைரியத்தில் 1990க்கு அழைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமியைத் தூக்கிப் பின் சீற்றில் இருத்தி, திறப்பைத் திருப்பினால் 'டிக், டிக், டிக்'. அவ்வளவுதான். அந்தக் கப்பில் ஒன்றல்ல, இரண்டு பற்றரி இருக்கிறது. யானை வராமல் வயல் காவல் இருக்கும்போது பெரிய லைற் எரிக்கவென்று மச்சான் பின்பக்கத்தில் ஒன்று கூடுதலாகப் பூட்டியிருந்தான். முதல் நாள் இரவு முழுக்க அந்த லைற் எரிந்திருக்கிறது. இரண்டு பற்றரியும் சேர்ந்தே செத்துப் போயிருந்தன.

ஓட்டோமற்றிக் கியர். தள்ளி ஸ்டார்ட் எடுக்கவும் முடியாது. ஒழுங்கைக் கடைசியில் இருக்கும் அண்ணை தன்னுடைய வானைக் கொண்டுவந்து சேர்க்க முப்பத்தைந்து நிமிடம். அல்ஹம்துலில்லாஹ், மாமி இப்போது நலம். ஆனால் அந்த முப்பத்தைந்து நிமிடம் அவர் மூச்சுக்குத் தவித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்த நாள் பொனற்றைத் திறந்து பார்த்தேன். முன் பற்றரியின் பொசிற்றிவிலிருந்து பின் பற்றரியின் பொசிற்றிவுக்கு நேராக ஒரு வயர். நடுவில் ஒன்றுமே இல்லை. பியூசும் இல்லை. பூட்டிய கராஜ்காரர் சொன்னாராம், "இரண்டும் சேர்ந்தா பவர் கூட" என்று. பவர் கூடத்தான். ஆனால் இப்படி இணைத்தால் அது இரண்டு பற்றரி இல்லை, பெரிய ஒரு பற்றரி. ஒன்றைக் குடித்தால் மற்றதையும் குடிக்கும். ஒன்றில் ஒரு செல் பழுதானால் நல்லதையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது பற்றரி பூட்டுவதே முதலாவதைக் காப்பாற்றத்தான். அந்த நோக்கத்தையே இந்த வயர் வெட்டிவிடுகிறது.

இதற்குத்தான் ஐசொலேற்றர். என்ஜின் ஓடும்போது இரண்டையும் சேர்த்துச் சார்ஜ் பண்ண விடும். என்ஜின் நின்றதும் பிரித்துவிடும். வேலை இவ்வளவுதான். இதைச் செய்யப் பல வழி இருக்கிறது, நம்மூரில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன்.

சிலர் கையால் திருப்பும் சுவிட்ச் போட்டிருக்கிறார்கள். பிழையில்லை. ஆனால் வயலால் களைத்து வந்து இரவு பதினொரு மணிக்கு அதை நிறுத்த நினைவு வருமா? எனக்கு வராது. சிலர் டயோட்டு வைத்தது போடுகிறார்கள். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 'இருவாயி' என்று நாங்கள் படிப்பிக்கிற அதேதான். சிலிக்கன் இருவாயியில் 0.7 வோல்ற் அளவு விழும் என்று கரும்பலகையில் எழுதுகிறோமே, அந்த 0.7 இங்கே கடிக்கும். ஓல்டனேற்றர் 14.2 கொடுத்தால் பற்றரிக்கு 13.5தான் போய்ச் சேரும். ஈயப் பற்றரி அதில் முழுதாக நிரம்பாது. நாள்பட அரைகுறையாகவே கிடந்து தகட்டில் சல்பேற் படிந்து சாகும். பிறகு "பற்றரி கூடாது" என்று விற்றவனைத் திட்டுவோம்.

இன்னொன்று, திறப்பு போட்டவுடன் சேரும் ரிலே. மலிவு. ஆனால் திறப்பைத் திருப்பும்போதே சேர்ந்துவிடுவதால், ஸ்டாட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான அம்பியரில் ஒரு பங்கு பின் பற்றரியிலிருந்து அந்த 40 அம்பியர் ரிலேக்குள்ளால் வரும். ரிலேயின் முனை ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் மறுபடி நேர் வயர் கதைதான், ஆனால் உங்களுக்குத் தெரியாது.

என் கருத்தில் நம்முடைய பழைய டீசல் கப்களுக்குச் சரியானது வோல்ற்றேஜ் பார்த்துச் சேரும் ரிலே. முன் பற்றரி 13.3 வோல்ற் அளவுக்கு ஏறினால்தான், அதாவது என்ஜின் ஓடிச் சார்ஜ் வந்தால்தான், சேரும். 12.8 அளவுக்கு இறங்கினால் பிரியும். நிறுத்தியவுடனே பிரியவில்லை என்று பயப்பட வேண்டாம், வோல்ற்றேஜ் இறங்கச் சில நிமிடம் எடுக்கும். விலை ஒரு புதுப் பற்றரியை விடக் குறைவு.

ஆனால் நான் உண்மையில் சண்டை பிடிக்க வந்தது ஐசொலேற்றருக்காக அல்ல, பியூசுக்காக.

ஐசொலேற்றர் போட்டவர்களிலும் பியூஸ் போட்டவர்கள் குறைவு. போட்டவர்களும் ஒரு பக்கம்தான் போட்டிருக்கிறார்கள். அந்த நீள வயரின் இரண்டு நுனியிலும் பற்றரி இருக்கிறது. பொனற்றிலிருந்து பின்பக்கம் வரை சேசியை ஒட்டிப் போகிற வயர், நம்முடைய உள் ரோட்டுக் குண்டுகுழியில் உரசி உரசி ஓரிடத்தில் தோல் உரிந்தால், இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். முன்னால் மட்டும் பியூஸ் இருந்தால் அது உருகிவிடும், பின் பற்றரி தொடர்ந்து ஊட்டும். வயர் பழுக்கும். பக்கத்தில் டீசல் பைப் போகிறது. ஆகவே இரண்டு பற்றரியிலும், பொசிற்றிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வேண்டும். பியூஸ் காப்பாற்றுவது வயரை, லைற்றை அல்ல. அதனால் வயரின் தடிப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெரிய பியூஸ் போட்டால் நல்லது என்று நினைப்பது பிழை.

வயர் பற்றியும் ஒரு கணக்கு. (வாத்தியாரை விட்டால் கணக்குச் செய்யாமல் போக மாட்டார்.) முன்னிருந்து பின்னுக்கு 4 மீற்றர், திரும்பி வர 4 மீற்றர், மொத்தம் 8. வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் தடை 0.056 ஓம். 30 அம்பியர் ஓடினால் 1.7 வோல்ற் வழியிலேயே போய்விடும். 14.2 கொடுத்தால் 12.5 போய்ச் சேரும், பின் பற்றரி எந்தக் காலத்திலும் நிரம்பாது. 16 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு கால் வோல்ற் அளவுதான். அதற்கு 80 அம்பியர் பியூஸ் போதும். எர்த்தைச் சேசியில் பூட்டுவதென்றால் பெயின்ற்றைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்குங்கோ.

என்னிடம் படித்துச் சாதாரண தரத்தோடு நின்ற ஒரு பிள்ளை இப்போது கராஜில் வேலை செய்கிறான். மச்சானின் கப்பைத் திருத்தியது அவன்தான். "சேர், இந்த முனையை ஈயம் வைத்து ஒட்டக் கூடாது, நசுக்கித்தான் பிடிக்க வேணும், அதிர்வில் உடைஞ்சிடும்" என்று எனக்குச் சொல்லித் தந்தான். கல்வியியற் கல்லூரியில் ரிலேயின் படத்தை எத்தனை தரம் வரைந்திருப்பேன்! கையில் எடுத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். வெட்கமாகத்தான் இருந்தது.

"நாங்கள் இதெல்லாம் பார்த்தா ஓடினாங்கள்?" என்று மூத்தவர்கள் கேட்பது விளங்குகிறது. தடைக்காலத்தில் வன்னிக்குள் பற்றரி வரவே விடவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டார்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். நான் அப்போது புத்தளத்தில் இடம்பெயர்ந்த பிள்ளை. 1990 ஒக்ரோபரில் உம்மா வாப்பா வெளியேறி வந்தவர்கள். இந்தக் கதைகளை எனக்குச் சொன்னதே இங்கே இருந்து அதை அனுபவித்த அண்ணைமார். அவர்களுடைய கெட்டித்தனத்துக்கு முன்னால் நான் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு இல்லாததால் சமாளித்தோம். இன்றைக்கு முல்லைத்தீவு, வவுனியா, கிளிநொச்சி எந்தப் பக்கம் போனாலும் கடையில் பியூஸ் இருக்கிறது. அன்றைய வாகனத்தைத் தள்ளியும் எடுக்கலாம். இன்றைய டீசல் என்ஜினுக்குக் கம்பியூட்டர் பெட்டி இருக்கிறது, அதற்கு வோல்ற்றேஜ் இல்லாவிட்டால் நீங்கள் ஏ9 முழுக்கத் தள்ளினாலும் எடுக்காது.

2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்த பிறகு புது வாகனம் எடுத்தவர்களுக்கு ஒரு சொல். புதியவற்றில் பலதில் ஓல்டனேற்றர் எரிபொருள் மிச்சம் பிடிக்கத் தானே வோல்ற்றேஜைக் கூட்டிக் குறைக்கும். நான் மேலே சொன்ன ரிலே அதில் சரியாக வேலை செய்யாது, டிசி-டிசி சார்ஜர் வேண்டும். பின்னால் லிதியம் பற்றரி வைத்தாலும் அதேதான். பழைய லான்ட் குரூசர் சிலதில் கொம்பனியே இரண்டு பற்றரி போட்டு 24 வோல்ற்றாக இணைத்திருக்கும். அதைப் பார்க்காமல் 12 வோல்ற் சாமான் பூட்டி எரிக்காதேங்கோ. தண்ணீர் ஊற்றுகிற பற்றரியைச் சீற்றுக்குப் பின்னால், ஆட்கள் இருக்கிற இடத்துக்குள் வைக்கவும் வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வரும்.

2018 டிசம்பர் வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். உயரமான வாகனங்களும் உழவு இயந்திரங்களும்தான் அன்றைக்கு ஓடின. ஊரில் நாலு கப் இருந்தால் அது நாலு வீட்டுச் சொத்து மட்டுமல்ல. அதனால்தான் இன்னொருவருடைய வாகனத்தைப் பற்றி இவ்வளவு உரிமையோடு பேசுகிறேன். கோபிக்க வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து வீட்டில் இருப்பேன். மல்ரிமீற்றர் இருக்கிறது, அந்தப் பிள்ளையும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். இரண்டு பற்றரி போட்டவர்கள் வாகனத்தைக் கொண்டுவாருங்கோ, பொனற்றைத் திறந்து பார்ப்போம். காசு இல்லை, பியூஸ் தேவைப்பட்டால் அதை மட்டும் நீங்களே வாங்கி வரவேண்டும். முதல் நாள் இரவே என்ஜினை நிறுத்தி விட்டிருந்தால் அளவு சரியாக வரும். முன் பற்றரி 12.6க்கு மேல் காட்டினால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம்.