அறுப்புக்கும் பருவமழைக்கும் நடுவே: கரிசலிலிருந்து ஒரு வாரத் தீவுப் பயணம்

ஒரு வாரத் தீவுப் பயணத்தின் திட்டம் நாட்காட்டியில் தொடங்க வேண்டும். விலைப்பட்டியல் அதற்கு அடுத்துத்தான். கோவில்பட்டி வட்டாரத்துக் குடும்பம் ஒன்று அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ போக நினைத்தால் மூன்று காலங்கள் ஒன்றுசேர வேண்டும்: கையில் பணம் புரளும் காலம், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, போகிற இடத்தில் கடல் அடங்கியிருக்கும் காலம். இவை மூன்றும் கூடும் நாட்கள் ஆண்டில் மிகச் சில.

கரிசலில் பணம் வரும் காலத்தை மழை தீர்மானிக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. புரட்டாசி, ஐப்பசியில் உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி விதைக்கிறார்கள். உளுந்தும் பாசியும் தை வாக்கில் வீடு வந்துவிடும். பருத்தியும் மிளகாயும் மாசி, பங்குனி வரை இழுக்கும். நிலம் வைத்திருப்பவரோடு இது நிற்பதில்லை. கமிஷன் கடை, உரக்கடை, ஜவுளிக்கடை என்று ஊரின் வியாபாரமே இந்த வரவைத் தொட்டுத்தான் நடக்கிறது. தீப்பெட்டி ஆலைகளை நம்பியிருப்போருக்குத் தீபாவளி போனஸ் ஐப்பசியில் கிடைக்கும். ஆனால் அப்போது வங்கக் கடலில் புயல் காலம் தொடங்கியிருக்கும்.

தீவுகளின் பருவம் வேறு. அந்தமானில் தை முதல் சித்திரை வரை கடல் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை முதலில் இறங்குவது அந்தமான் கடலில்தான். மே 20-ஐ ஒட்டி அங்கே மழை பிடித்துவிடும். லட்சத்தீவில் மே நடுவோடு சுற்றுலாப் பருவம் முடிகிறது. மாலத்தீவின் வறண்ட பருவம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. பள்ளித் தேர்வுகள் முடிவதோ ஏப்ரலில். ஆக, செண்பகவல்லி அம்மன் கோவில் பங்குனித் திருவிழா முடிந்தபின், ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை இரண்டு வாரங்களே மிஞ்சுகின்றன. நாடு முழுவதும் பள்ளிக்கூடம் அடைக்கும் நேரம் என்பதால் விமானக் கட்டணமும் அப்போதுதான் ஏறி நிற்கும். தை மாதமே சீட்டு எடுத்துவிட்டால் சுமை குறையும். ஆனால் தையில் அறுப்புப் பணம் முழுதாகக் கைக்கு வந்திருக்காது. எனவே இந்த ஆண்டுப் பயணத்துக்கான பணத்தைப் போன ஆண்டு வரவிலேயே எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது.

இந்த நெருக்கடிக்கு வெளியே இருக்கும் ஒரே தீவு இலங்கை. அதன் தெற்கு, மேற்குக் கரைகளுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். கிழக்குக் கரைக்கோ மே முதல் செப்டம்பர் வரை. திருகோணமலை, நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் அலை அடங்கி நீர் தெளிந்திருக்கும் மாதங்களும் தமிழ்நாட்டுக் கோடை விடுமுறையும் அப்படியே பொருந்துகின்றன. செப்டம்பர் கடைசிக் காலாண்டு விடுமுறைகூட அதன் விளிம்பில் வருகிறது. கோணேசர் கோவில், புறாத்தீவின் பவளப்பாறை, பேச்சுக்குத் தமிழ் என்று முதல்முறை கடல் கடக்கும் குடும்பத்துக்கு இதைவிட இணக்கமான இடம் கிடையாது. கோவில்பட்டியிலிருந்து மதுரை சுமார் 100 கிலோமீட்டர். அங்கிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேர விமானம். கொழும்பிலிருந்து திருகோணமலைக்குச் சுமார் 260 கிலோமீட்டர். ரயிலும் உண்டு, வாடகை வேனும் உண்டு. விசா விதிகள் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி மாறியிருப்பதால், சீட்டு எடுப்பதற்கு முன் இலங்கை அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது கட்டாயம்.

தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்குக் கடல்வழி இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். கரிசல் மண்ணின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 1914 முதல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழியாக ரயிலும் கப்பலும் இணைந்த பயணம் நடந்தது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் ராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த படகும் எண்பதுகளில் நின்றது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மீண்டும் தொடங்கிய பயணிகள் கப்பல் அந்த ஆண்டு நவம்பருக்குள் நின்றுபோயிற்று. இப்போது இருப்பது நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் படகு. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் கோவில்பட்டியிலிருந்து நாகைக்கே 300 கிலோமீட்டருக்கு மேல். அறுபது கிலோமீட்டரில் பெரிய துறைமுகம் இருந்தும் கரிசல் மக்கள் இலங்கைக்கு விமானம் ஏற வேண்டியிருப்பது வருத்தமான நிலை. தூத்துக்குடிக் கப்பலை நிலையாக ஓட்டுவது அரசு மறுபடி கையிலெடுக்க வேண்டிய வேலை.

அந்தமானுக்கு வரலாம். பாஸ்போர்ட் வேண்டாம், ரூபாயே செல்லும், ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேரில் தமிழ் பேசுவோர் நிறையப் பேர். பெற்றோர், இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர், ஆறு இரவு தங்கும் பயணத்துக்குத் தோராயமான கணக்கு இப்படி அமையும். முத்துநகர் அல்லது நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் குளிர்சாதனப் பெட்டியில் போய்வர 8,000 ரூபாய். சென்னையிலிருந்து விமானம், முன்கூட்டியே எடுத்தால், ஆளுக்கு 12,000 வீதம் 48,000. ஹேவ்லாக், நீல் என்று முன்பு அறியப்பட்ட ஸ்வராஜ் தீவு, ஷாகீத் தீவு இரண்டையும் பார்த்துத் திரும்ப மூன்று படகுப் பயணங்கள். தனியார் விரைவுப் படகில் நால்வருக்கு 18,000. அறை வாடகை 21,000. சாப்பாடு 25,000. தீவுகளுக்குள் கார் 15,000. கடலடி நீச்சல், நுழைவுச் சீட்டுகள் 10,000. மொத்தம் 1,45,000. எதிர்பாராத செலவுக்கு 15,000 சேர்த்தால் 1,60,000 ரூபாய்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது போக்குவரத்தின் பங்கு. ரயில், விமானம், படகு, கார் நான்கும் சேர்ந்து 89,000. அதாவது 1,45,000-இல் ஐந்தில் மூன்று பங்கு. அறை வாடகை ஏழில் ஒரு பங்குதான். ஆனால் பெரும்பாலோர் திட்டமிடும்போது நாள் கணக்காக அலசுவது அறையைப் பற்றித்தான். இரவுக்கு 500 ரூபாய் குறைந்த அறையைத் தேடிப் பிடித்தால் மிச்சம் 3,000. விமானச் சீட்டை இரண்டு மாதம் தள்ளி எடுத்தால் அதைப்போலப் பல மடங்கு போய்விடும். அரசுப் படகில் கட்டணம் மிகக் குறைவு என்றாலும் அதில் தீவு மக்களுக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயமும்கூட. ஒரு வாரம் மட்டும் கையில் உள்ளவர்கள் அதை நம்பித் திட்டமிடக் கூடாது.

படகு ஒரு செலவு மட்டுமில்லை, ஆபத்தும்கூட. கடல் கொந்தளித்தால் படகுகள் நிறுத்தப்படும். அதனால் விமானத்தைத் தவறவிட்டால் புதிய சீட்டுக்கு அன்றைய விலைதான். திரும்புவதற்கு முந்தைய இரவை ஸ்ரீ விஜயபுரத்தில் கழிப்பது கட்டாயம். வெளித்தீவுகளை முதலில் பார்த்துவிட்டு, 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பான வரிசை. சிறிய தீவுகளில் பண இயந்திரங்கள் குறைவு. இணையமும் சில நேரம் தகராறு செய்யும். கையில் ரொக்கம் இருக்க வேண்டும்.

மாலத்தீவின் விளம்பரங்களில் காட்டப்படும் விலைக்கும் கடைசியில் கட்டும் தொகைக்கும் உள்ள இடைவெளி பெரிது. சேவைக் கட்டணம் 10 சதவீதம். அதற்கு மேல் 2025 ஜூலை முதல் 17 சதவீதம் சுற்றுலா வரி. 100 டாலர் என்று போட்டிருந்தால் பில்லில் 128 டாலரைத் தாண்டும். அதோடு பசுமை வரி: 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், மக்கள் வசிக்கும் தீவுகளின் சிறிய விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். டாலரை 90 ரூபாய் என்று வைத்தால், நான்கு பேர் ஆறு இரவு தங்க இந்த ஒரு வரி மட்டும் ரிசார்ட்டில் ஏறத்தாழ 26,000, சிறிய இல்லத்தில் 13,000. தொலைவான ரிசார்ட்டுக்குக் கடல் விமானம் என்றால் ஆளுக்குப் போய்வர 400 டாலர் சாதாரணம். சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போய்வரும் கட்டணத்தைப்போல மூன்று மடங்கு அது. கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் போய் இறங்கினால் தலைநகர் மாலியிலோ அதை ஒட்டிய ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு கூடுதல் அறை எடுக்க வேண்டும்.

சாப்பாட்டு விலை அங்கே அதிகம் என்பதற்குக் காரணம் கரிசல்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாலத்தீவின் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானக் கல்லும் பல ஆண்டுகளாகத் தூத்துக்குடியிலிருந்து தோணிகளில் போகின்றன. பவள மணல் தீவில் விளைவது சொற்பம். மாலியில் குடிநீர்கூடக் கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது. தட்டில் வரும் ஒவ்வொன்றிலும் கப்பல் கூலி ஏறியிருக்கிறது. ரிசார்ட்டில் மூன்று வேளை உணவும் சேர்ந்த கட்டணத்தை எடுப்பதே நல்லது. தனித்தனியாகச் சாப்பிட்டால் செலவு கட்டுக்கடங்காது.

நடுத்தரக் குடும்பத்துக்கு உகந்த மாலத்தீவு மாஃபுஷி போன்ற மக்கள் வாழும் தீவுகள்தான். மாலியிலிருந்து அங்கே போகப் படகு போதும். திருவனந்தபுரத்திலிருந்து மாலிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான விமானப் பயணம். கோவில்பட்டியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாகர்கோவில் வழியாக ரயிலில் போய்விடலாம். இந்தியர்களுக்கு விசா இறங்கும் இடத்திலேயே, கட்டணமின்றி. இத்தீவுகளில் மது கிடையாது. நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை. வழிபாட்டுச் சிலைகளை நாட்டுக்குள் கொண்டுவரச் சுங்கத் தடை உண்டு. பெட்டியில் சாமி விக்கிரகம் வைத்துக்கொண்டு போகும் வழக்கமுள்ளவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வாங்க வேண்டும். கொச்சியிலிருந்து கப்பலும் உண்டு, அகத்தி தீவுக்கு விமானமும் உண்டு. தங்கும் இடங்கள் குறைவு என்பதால் அனுமதியும் அறையும் உறுதியான பிறகே மற்றச் சீட்டுகளை எடுக்க வேண்டும்.

பணத்தைத் திரட்டும் முறையிலும் ஊர் வழக்கத்துக்கு இடம் உண்டு. மாதம் 8,000 ரூபாய் வீதம் 20 மாதம் சேர்த்தால் 1,60,000. ஏலச்சீட்டுக் கட்டுபவர்கள் பதிவு பெற்ற நிறுவனத்தில் கடைசித் தவணை வரை காத்திருந்து எடுப்பது நல்லது; முன்னதாக ஏலத்தில் எடுத்தால் தள்ளுபடியில் ஒரு பகுதி கரைந்துவிடும். வங்கித் தொடர் வைப்பில் அந்தச் சிக்கல் இல்லை, சிறிது வட்டியும் சேரும். தனிநபர் கடன் வாங்கிப் போவதை எந்த நிலையிலும் பரிந்துரைக்க முடியாது. மானாவாரி நிலத்தில் அடுத்த ஆண்டு மழை பெய்யும் என்பதற்கு உறுதி இல்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

கடைசியாக வரி. வெளிநாட்டுப் பயணத்தைத் தொகுப்பாக ஒரு நிறுவனத்திடம் வாங்கினால் டிசிஎஸ் என்ற பெயரில் வருமான வரி முன்கூட்டியே வசூலிக்கப்படும். 2023 அக்டோபரில் இது 7 லட்சம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று வைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் வரம்பு 10 லட்சமாக உயர்ந்தது. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறிவருவதால் வாங்கும் நாளின் விகிதத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விமானச் சீட்டையும் அறையையும் தனித்தனியே தாமே எடுப்பவர்களுக்கு இந்தப் பிடித்தம் வராது. பிடிக்கப்பட்டவர்கள் பான் எண்ணைக் கொடுத்து ரசீதை வைத்திருந்தால், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அந்தத் தொகையைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். கட்ட வேண்டிய வரி இல்லையென்றால் திருப்பிக் கேட்கலாம். விவசாய வருமானம் மட்டும் உள்ளவர்களும் இதற்காகக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.