செல்லினம் தளம் மாறிய கதை

தமிழில் ஒரு செயலியை எழுதி முடித்துவிட்டால் அது காலத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஓடாது. அது நிற்கும் இயங்குதளமே பல நேரங்களில் பத்தாண்டு தாங்குவதில்லை. சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டாம், செல்லினமே போதும்.

2005ஆம் ஆண்டு பொங்கலன்று, ஒலி 96.8 வானொலியின் துணையோடு சிங்கப்பூரில் அறிமுகமானது செல்லினம். உருவாக்கியவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். கைத்தொலைபேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பது அன்று பெரிய செய்தி. ஜாவா வகைத் தொலைபேசிகளில் ஓடிய செயலி அது. அந்தத் தொலைபேசிகள் போய்விட்டன. செல்லினமோ ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் குடிபெயர்ந்து பிழைத்துக்கொண்டது.

இந்தக் குடிபெயர்வு தோ பாயோவிலிருந்து பொங்கோலுக்கு வீடு மாறுவது போன்றதன்று. விசைப்பலகை ஒரு நிகழ்நேரச் செயலி. விமானக் கட்டுப்பாடு போல உயிர் போகும் காரியம் இல்லைதான். ஆனாலும் விரல் பட்டவுடன் எழுத்து வந்தாக வேண்டும். வினாடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே தாமதம் தெரியத் தொடங்கும். ஆங்கிலத்தில் விசைக்கு ஓர் எழுத்து, அத்தோடு வேலை முடிந்தது. தமிழில் அஞ்சல் முறையில் ‘கே’ விசையைத் தட்டினால் ‘க்’ வரும். அடுத்து ‘ஓ’ விசையைத் தட்டியதும் வந்த புள்ளியை நீக்கிக் ‘கொ’ ஆக்க வேண்டும். அதாவது, ஏற்கெனவே எழுதியதைத் திருத்தும் உரிமை செயலிக்குத் தேவை.

அந்த உரிமையைத் தளத்துக்குத் தளம் வேறுவிதமாகத் தருகிறார்கள். ஜாவா செயலி தன் வேலிக்குள் தானே ராஜா. ஆண்ட்ராய்டில் விசைப்பலகை ஒரு சேவை மட்டுமே. எழுதும் பெட்டி வாட்ஸ்அப்புக்கோ வேறொன்றுக்கோ சொந்தம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்தச் செயலியிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும். பதிலுக்குக் காத்திருந்தால் விரல் அடுத்த விசைக்குப் போயிருக்கும். ஐபோனில் 2014இல் ஐஓஎஸ் 8 வரும்வரை வெளியார் விசைப்பலகைக்கே இடமில்லை. ஒரு செயலிக்குள் எழுதி, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது.

ஆகவே, தளம் மாறும்போது நிரலில் பெரும்பகுதியைத் தூக்கி எறியத்தான் வேண்டும். எறியக் கூடாதது, எந்த எழுத்தோடு எது சேர்ந்தால் என்ன ஆகும் என்ற விதித் தொகுப்பு. அதற்கு ஆண்ட்ராய்டும் தெரியாது, ஆப்பிளும் தெரியாது. மாணவர் திட்டப்பணிகளில் நான் காண்பது என்ன? இந்த விதிகளைத் திரை வரையும் நிரலோடு பின்னிப் பிணைத்துவிடுகிறார்கள். பட்டம் வாங்கியதும் செயலி அனாதை. அடுத்து வருபவர் மறுபடியும் ‘அ’விலிருந்து தொடங்குகிறார்.

‘பெரிய நிறுவனங்களே தமிழ் விசைப்பலகை தருகின்றனவே, இனி நமக்கென்ன வேலை?’ என்று கேட்கலாம். 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டையும் உள்ளே சேர்த்தது உண்மை. சேர்ப்பதற்கு விதிகள் ஆயத்தமாக இருந்தன என்பதை மறக்கிறோம். 1997இல் நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் நடத்திய தமிழ்நெட் 97, பின்னர் 1999இல் சென்னை மாநாடு என்று பலர் கூடி உட்கார்ந்து விவாதித்த பலன் அது.

சரி, குடிபெயர்ந்த செயலியை எங்கே சோதிப்பது? ஞாயிறு மாலை தேக்காவுக்குப் போங்கள். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஊருக்குச் செய்தி எழுதும் ஊழியர் பலர் கையில் திரை கீறிய பழைய ஆண்ட்ராய்டுதான் இருக்கிறது. அதில் ‘கொ’ தயங்கி வந்தால் அவர் பேசி அனுப்பிவிடுவார், இல்லையேல் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார். நம் ஆய்வுக்கூடத்துப் புதுத் தொலைபேசியில் எல்லாமே வேகமாகத்தான் ஓடும்!

நம் பேரவையிடம் நான் கேட்பது ஒன்றுதான். தமிழ்ச் செயலி செய்யும் ஒவ்வொரு மாணவரும் விதிகளைத் தனிக்கோப்பாக, சோதனைச் சொற்களோடு, பேரவையிடம் விட்டுச்செல்லட்டும். முதல் சொல்லாக ‘ஸ்ரீ’யை வைக்கலாம். யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுத முடியும். ஒன்றாக எழுதியதை மற்றொன்றாகத் தேடினால் கிடைக்காமலே போகலாம்.