உங்க வார்டு நம்பர் தெரியுமா? தாம்பரம் சொல்லும் ஓட்டுக் கணக்கு!

ஒரு சின்ன டெஸ்ட். நீங்க இப்போ குடியிருக்கிற தெரு எந்த வார்டுல வருது? உங்க கவுன்சிலர் பேர் என்ன? கூகுள் பண்ணாம சொல்லணும்.

தெரியலையா? சென்னைப் புறநகர்ல வாடகைக்கு இருக்கிற நம்மில் பலருக்கும் இதே நிலைமைதான். முதலமைச்சர் யாருன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவோம். வாசல்ல தேங்குற மழைத்தண்ணிக்கு யாருக்கு போன் போடணும்னு தெரியாது. இது வெறும் பொது அறிவு விஷயம் இல்லை. தேர்தல் கணக்கிலும் அப்படியே தெரியுது.

ஊர் பெருசு... ஓட்டு சிறுசு!

2022 பிப்ரவரி 19-ம் தேதி தமிழகத்தில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பேரூராட்சிகளில் 74.68 சதவிகித வாக்குகள் பதிவாகின. நகராட்சிகளில் 68.22. மாநகராட்சிகளில் 52.22. சென்னையில் சுமார் 43.6தான். ஊர் பெருசாகப் பெருசாக ஓட்டு குறைஞ்சுக்கிட்டே வருது.

தாம்பரத்தைப் பாருங்க. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என 5 நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட 5 பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் மாநகராட்சி ஆக்கினார்கள். மொத்தம் 70 வார்டுகள். அடுத்த மூணு மாசத்துல முதல் தேர்தல். வாக்காளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பூத் பக்கமே வரலை.

ஏன் வரலை?

சோம்பேறித்தனம்னு ஒரே வார்த்தையில முடிச்சிட முடியாது. முதல் காரணம், பழக்கமே விட்டுப்போச்சு. 2011-க்குப் பிறகு நகர்ப்புறத்தில் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2022-லதான். 2016 அக்டோபரிலிருந்து அஞ்சு வருஷத்துக்கும் மேல கவுன்சிலர்களே இல்லாம, தனி அதிகாரிகள்தான் நிர்வாகம் பண்ணாங்க. நகரத்துலயே வளர்ந்த, 28 வயசுக்குக் கீழ இருந்த எல்லாருக்கும் அதுதான் வாழ்க்கையின் முதல் உள்ளாட்சித் தேர்தல்!

இரண்டாவது காரணம், நம்ம கதை. வேலை இங்கே, ஓட்டு ஊர்ல. சட்டமன்றத் தேர்தல்னா கிளாம்பாக்கத்துல பஸ் பிடிச்சு, நின்னுக்கிட்டே போயாவது ஓட்டுப் போட்டுட்டு வர்றோம். "ஓட்டை மாத்திட்டா ஊர்க்காரன்ங்கிற உரிமையே போயிடும்"னு வீட்லயும் சொல்வாங்க. அந்தப் பாசம் பொய் இல்லை. ஆனா, வருஷத்துல முந்நூறு நாளுக்கு மேல நாம குடிக்கிற தண்ணி, நடக்குற ரோடு, கடிக்கிற கொசு எல்லாம் இந்த ஊரோடதுதானே?

2,000 ஓட்டு போதும்!

2011 கணக்கெடுப்புப்படி, இன்றைய தாம்பரம் மாநகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை சுமார் 7 லட்சம். 70 வார்டுக்குப் பிரிச்சா, வார்டுக்குச் சராசரியா 10,000 பேர். இன்னிக்கு நிச்சயம் இன்னும் அதிகம். ஒரு வார்டுல 10,000 ஓட்டு இருக்குன்னு வெச்சுக்கோங்க. பாதிப் பேர் வந்தா 5,000. நாலு முனைப் போட்டியில 2,000 ஓட்டு வாங்குனவர் ஜெயிச்சிடலாம். அதாவது, அஞ்சுல ஒருத்தர் சேர்ந்து மீதி நாலு பேருக்கும் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிறாங்க. மேயரை நாம நேரடியா தேர்ந்தெடுக்கிறதில்லை, இந்த கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறாங்க.

அந்த 2,000 பேர் பெரும்பாலும் யாரா இருப்பாங்க? பல வருஷமா அங்கேயே இருக்கிறவங்க, சொந்த வீட்டுக்காரங்க, கட்சிக்காரங்க. அவங்க ஓட்டுப் போடுறது தப்பே இல்லை. ஆனா, ஓட்டு கேட்டு வர்றவர் வாக்காளர் பட்டியலைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் வருவார். அதுல இல்லாத வீட்டு வாசல்ல அவர் ஏன் நிக்கணும்?

"கவுன்சிலருக்கு என்ன பெரிய பவர்? எல்லாம் அரசும் கமிஷனரும்தானே முடிவு பண்றாங்க"ன்னு கேட்கலாம். பாதி உண்மை. 2022 தேர்தல் முடிஞ்ச கையோட, ஏப்ரலில் சொத்து வரி உயர்வை அரசுதான் அறிவிச்சது. 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவிகிதம், 601 முதல் 1,200 வரை 50 சதவிகிதம். சென்னையின் பழைய பகுதிகளில் இன்னும் அதிகம். வரி வீட்டு ஓனர் பேர்ல வந்தாலும், வாடகையா அது யார் தலையில விழும்னு உங்களுக்கே தெரியும். ஆனா, எந்தத் தெருவுக்கு முதல்ல வடிகால், எந்த முனையில லைட்டுன்னு மன்றத்துல எழுந்து கேட்கிற ஆள் கவுன்சிலர்தான்.

மாத்தறது ஈஸி

உள்ளாட்சித் தேர்தலுக்கும் அடிப்படை, சட்டமன்ற வாக்காளர் பட்டியல்தான். முகவரி மாத்த படிவம் 8. ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம். தற்போதைய முகவரி இருக்கிற ஆதார், பேங்க் பாஸ்புக், கேஸ் பில் மாதிரி ஒண்ணு வேணும். ஓட்டை மாத்துறதால ஊர்ல இருக்கிற வீடு, நிலத்து மேல உள்ள உரிமை எதுவும் போகாது. ஆனா, ரெண்டு இடத்துல பேர் வெச்சிருக்கிறது சட்டப்படி தப்பு. அதனால, ஏதாவது ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகணும்.

இப்போதைய மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தோடு முடியுது. ஊர்லயே ஓட்டு இருக்கட்டும்னு முடிவு பண்ணா, அதுவும் உங்க உரிமை. யோசிச்சு எடுத்த முடிவா இருக்கட்டும், மறந்துபோனதா இருக்க வேண்டாம். முதல்ல, அந்த வார்டு நம்பரை இன்னிக்கே தெரிஞ்சு வெச்சுக்கோங்க!